எண்ணம் நல்லது, செயல் கொலை: என் மேசையில் பாலடின் வீழ்ந்தானா?

சனிக்கிழமை டிஎம் எழுதியது:

வணக்கம். இரண்டு வருடமாக வீட்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் பகடை விளையாட்டை நடத்துகிறேன். கதையை நடத்தித் தீர்ப்பும் சொல்லும் டிஎம் நான்தான். ஆடுவது 3.5 பதிப்பு. எங்களிடம் இருக்கும் புத்தகங்கள் அவைதான். ஒரு நண்பர் வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போனார். என்னைத் தவிர நான்கு பேர் ஆடுகிறார்கள். சனிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்து கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தால், எழுந்திருக்க ஒரு மணி ஆகிவிடும்.

போன வாரம் நடந்த ஒன்றுக்கு நான் தீர்ப்பு சொல்ல வேண்டும். ஒரு வாரமாக யோசித்தும் முடியவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

பார்ட்டி, அதாவது ஆடுபவர்களின் பாத்திரங்கள், ஓர் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. பாலம் கிடையாது, ஓடம்தான். ஓடத்தில் ஓடக்காரன், சந்தைக்குப் போகும் இரண்டு பெண்கள், கூண்டில் கோழிகளோடு ஒரு வியாபாரி, அப்புறம் நம் ஆட்கள். தலைக்கு இரண்டு செம்புக் காசு என்று சொல்லி ஏற்றியவன், நடு ஆற்றில் துடுப்பை நிறுத்திவிட்டு நான்கு காசு கேட்டான். பெண்களில் ஒருத்தியிடம் அவ்வளவு இல்லை. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

பாலடின், அதாவது தெய்வம் தந்த சக்தியோடு போராடும் நேர்மையான வீரன். அதை ஆடுவது என் அத்தை மகன். ஐந்தாம் லெவல், அலைன்மென்ட் (பாத்திரத்தின் ஒழுக்கச் சாய்வு) லாஃபுல் குட், ஒழுங்கும் நன்மையும். "டிடெக்ட் ஈவில் போடுகிறேன்" என்றான். தீமையை உணரும் மந்திரம் அது. ஓடக்காரனுக்கு நான் நோட்டில் நியூட்ரல் ஈவில் (தீயவன் வகை) என்று எழுதி வைத்திருந்தேன். அதனால் "தீமை இருப்பது தெரிகிறது" என்றேன். நான் வாயை மூடுவதற்குள் "ஸ்மைட் ஈவில்" என்று தீயவரை வெட்டும் சக்தியைச் சொல்லிப் பகடையை உருட்டிவிட்டான். இருபது முகப் பகடையில் 20 விழுந்தது. ஓடக்காரனுக்கு இருந்ததே நான்கு ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப் புள்ளி. கையில் துடுப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

ஆடுபவர்களுக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்கிறேன். அந்த ஓடம் அவனுடைய அப்பா விட்டுப்போனது. அதில் பாதிப் பங்கு தம்பிக்கு. தம்பியை ஆற்றில் தள்ளிவிட்டால் முழு ஓடமும் தனக்கு என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருப்பவன் அவன். தம்பியோடு தனியாகப் போகும்போதெல்லாம் துடுப்பை இறுக்கிப் பிடிப்பான், அப்புறம் விட்டுவிடுவான். இதுவரை ஒருவரையும் தொட்டதில்லை. கூலியில் ஏமாற்றியதுதான் அவன் கையால் செய்த குற்றம்.

அத்தை மகன் சொல்வது இது: "அந்த அம்மாவைக் காப்பாற்றத்தான் அடித்தேன். அவன் கெட்டவன் என்று என் தெய்வம் கொடுத்த சக்தியே காட்டியது. என் எண்ணத்தில் என்ன குறை? நான் ஏன் வீழ்ந்து சக்தியை இழக்க வேண்டும்?"

ரோக் (மறைந்து செயல்படும் திருடன் வகைப் பாத்திரம்) ஆடும் தோழி அவனிடம் கேட்டாள்: "எண்ணம்தான் கணக்கு என்றால் அவன் மனசில் இருந்ததற்காக அவனைக் கொன்றாய், சரி. செயல்தான் கணக்கு என்றால் இங்கே கொலை செய்தவன் நீ மட்டும்தான். உனக்கு ஒரு கணக்கு, அவனுக்கு ஒரு கணக்கா?"

அதற்கு அவனிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. அவன் பாலடின் சக்தியைப் பறிக்கலாமா? யாரையும் தொடாத ஒருவனுக்கு ஈவில் என்று எழுதியது என் தவறா? தயவுசெய்து சொல்லுங்கள். அவன் அந்தக் கேரக்டரைப் பத்து மாதமாக ஆடுகிறான்.

நேர்க்கோடு எழுதியது:

விதி தெளிவாக இருக்கிறது நண்பரே. வேண்டுமென்றே தீய செயல் செய்த பாலடின் தன் ஸ்பெல்களையும் (மந்திரங்களையும்) சக்திகளையும் இழப்பான். குதிரையும் போகும். ஆயுதம், கவசம் பயன்படுத்தும் பயிற்சி மட்டும் மிஞ்சும். ஆயுதமில்லாத ஒருவனை இரண்டு காசு கூடுதலாகக் கேட்டதற்கு வெட்டுவது தீய செயல். நல்ல எண்ணம் என்பதைக் கேட்க ஆரம்பித்தால் ஒவ்வொரு வாரமும் ஒரு நல்ல எண்ணம் வந்து நிற்கும். பறித்துவிடுங்கள். திரும்பி வர அட்டோன்மென்ட் என்ற பரிகார மந்திரம் இருக்கிறது.

பழைய பகடை எழுதியது:

தம்பி, தீர்ப்புக்கு முன்னால் ஒரு விவரம் வேண்டும். அவன் எத்தனை ரவுண்டு கவனித்தான்?

3.5-ல் டிடெக்ட் ஈவில் ஒரே பார்வையில் எல்லாம் காட்டும் மந்திரம் இல்லை. முதல் ரவுண்டில் தெரிவது ஒன்றுதான்: முன்னால் 60 அடிக்குள் எங்கோ தீமை இருக்கிறது, அல்லது இல்லை. இரண்டாம் ரவுண்டில் எத்தனை, அதில் பெரியது எவ்வளவு வலிமை என்று தெரியும். மூன்றாம் ரவுண்டில்தான் எது எங்கே இருக்கிறது என்று தெரியும். ஒரு ரவுண்டு ஆறு வினாடி. ஆகப் பதினெட்டு வினாடி நின்று பார்க்க வேண்டும். உன் ஓடத்தில் எத்தனை பேர்? கோழிக் கூண்டுக்காரன் ஈவிலாக இருந்திருக்கலாம். யாருடைய மூட்டையிலாவது தீய மந்திரப் பொருள் ஒன்று இருந்திருக்கலாம், அதுவும் இந்த ஸ்பெல்லில் தெரியும். முதல் ரவுண்டிலேயே வெட்டியிருந்தால், அவனுடைய தெய்வம் ஓடக்காரனைச் சுட்டிக்காட்டவே இல்லை. கோபம்தான் காட்டியது.

இன்னொன்று. பாலடினுக்கு சென்ஸ் மோட்டிவ் கிளாஸ் ஸ்கில், அதாவது பாலடின் வகைக்கு இயல்பான திறன். எதிரில் இருப்பவன் இப்போது என்ன நோக்கத்தோடு பேசுகிறான் என்று உணர்வதற்கே இருக்கும் திறன் அது. டிடெக்ட் ஈவில் ஒருவனுடைய இயல்பின் சாயலைக் காட்டும். அடுத்த நிமிடம் அவன் என்ன செய்யப்போகிறான் என்று சொல்லாது. அதற்கான பகடையை உன் அத்தை மகன் உருட்டவில்லை.

நேர்க்கோடு சொன்ன முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எண்ணத்தைக் கேட்கவே கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. இந்த விளையாட்டின் விதிகள் எண்ணத்தை என்றுமே தள்ளி வைத்ததில்லை. 1974-ல் வந்த முதல் பதிப்பில் லா, நியூட்ரல், கேயாஸ் (ஒழுங்கு, நடுநிலை, குழப்பம்) என்று மூன்றே பக்கம்தான். எந்தக் கட்சியில் நிற்கிறாய் என்பதுதான் கேள்வி. 1976-ல், இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் ஒரு கட்டுரையில் அதற்குக் குறுக்கே நன்மை, தீமை என்று இன்னொரு கோட்டைப் போட்டார். 1978-ல் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற விதிப் புத்தகத்தில் ஒன்பது கட்டங்கள் வந்துவிட்டன. அந்தப் புத்தகத்திலேயே பாலடின் தெரிந்தும் விரும்பியும் தீமை செய்தால் அந்த நிலை திரும்பி வராமல் போய்விடும் என்று இருக்கிறது. தெரிந்தும், விரும்பியும். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில், மந்திரத்துக்கு ஆட்பட்டுச் செய்தால் பரிகாரம் செய்து மீளலாம். உங்கள் 3.5-ன் அட்டோன்மென்ட்டை எடுத்துப் பார். அறியாமல் செய்தவனுக்கோ கட்டாயத்தில் செய்தவனுக்கோ அதைப் போட கிளெரிக்குக்கு, அதாவது பூசாரிக்கு, செலவில்லை. தெரிந்தே செய்தவனுக்குப் போட்டால் கிளெரிக் தன் அனுபவப் புள்ளிகளில் 500 கொடுக்க வேண்டும்.

இதில் ஒன்றை நன்றாகப் பார். எண்ணம் என்று நாம் ஒரே சொல்லில் இரண்டு விஷயங்களைப் பேசுகிறோம். எதற்காகச் செய்தேன் என்பது ஒன்று. என்ன செய்கிறேன் என்று தெரிந்து செய்தேனா என்பது இன்னொன்று. விதிகள் கேட்பது இரண்டாவதை. உன் அத்தை மகன் பதில் சொல்வது முதலாவதற்கு. அந்த அம்மாவைக் காப்பாற்ற நினைத்தான் என்பதை நான் முழுதாக நம்புகிறேன். ஆனால் அது அவனைக் காப்பாற்றாது. ஓடக்காரன் ஆபத்தில்லாதவன் என்பது தெரியாமல் செய்தான் என்றால் அது காப்பாற்றலாம். அங்கேதான் அந்தப் பதினெட்டு வினாடி வருகிறது. தெரிந்துகொள்ள வழி இருந்தும் நிற்காதவனுடைய தெரியாமையை எவ்வளவு தூரம் ஏற்பது?

ஓடக்காரனைப் பற்றி. நீ எழுதியது நல்ல பாத்திரம் தம்பி, அதை முதலில் சொல்ல வேண்டும். ஆனால் நானாக இருந்தால் அவனுக்கு நியூட்ரல் என்று எழுதியிருப்பேன். மூன்று வருடம் துடுப்பை இறுக்கினான் என்கிறாய். மூன்று வருடமும் விட்டிருக்கிறான். அந்த விட்டதை நீ கணக்கில் சேர்க்கவில்லை. கை ஓங்கியவன் இறக்கிக்கொள்வதும் செயல்தான். பிளேயர்ஸ் ஹேண்ட்புக் ஈவில் என்பதை விளக்கும்போது துன்புறுத்துவது, ஒடுக்குவது, கொல்வது என்று வினைச்சொற்களாகத்தான் அடுக்குகிறது. நினைப்பது அதில் இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. மூன்றாம் பதிப்பு வந்த புதிதில் கல்லூரி விடுதியில் ஆறு பேர் ஒரே புத்தகத்தை வைத்து ஆடினோம். என்னுடையது பாலடின். ஹாப்காப்ளின் என்ற அசுர இனத்து ஒற்றன் ஒருவனைப் பிடித்தோம். அவன் ஆயுதத்தைக் கீழே போட்டான். "உன் உயிருக்கு நான் பொறுப்பு" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். ஆனால் அவன் காலில் காயம், நடக்க மாட்டாமல் இழுத்துக்கொண்டு வந்தான். கணவாயை இரண்டு நாளில் தாண்ட வேண்டும். எங்களில் ரோக் ஆடியவர் முதல் நாளே சொல்லிவிட்டார், இவனை வைத்துக்கொண்டு போக முடியாது என்று.

அன்று இரவு டிஎம் காவல் வரிசை கேட்டார். வழக்கமாக நடுச்சாமம் என்னுடையது. அன்று நான், "எனக்குக் கடைசிக் காவல் போதும்" என்றேன். "அப்போ நடுச்சாமம் எனக்கா?" என்று ரோக் ஆடியவர் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் கேரக்டர் ஷீட்டைப் பார்த்துக்கொண்டு பென்சிலால் ஏதோ எழுதினேன். என்ன எழுதினேன் என்று நினைவில்லை. அங்கே எழுத ஒன்றும் இருக்கவில்லை.

காலையில் ஒற்றன் செத்துக் கிடந்தான். டிஎம் என்னிடம், "உன் பாலடினுக்கு இது தெரியுமா?" என்றார். "தூங்கிக்கொண்டிருந்தான், தெரியாது" என்றேன். ரோக்கின் அலைன்மென்ட் மாறியது. என் ஷீட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பதினொன்றாம் லெவல் வரை அதே பாலடினை ஆடினேன். கை வைத்துக் காயம் ஆற்றும் சக்தியை ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் அந்த இரவு ஞாபகம் வரும். என் கை எதையும் செய்யவில்லை. ஆனால் வரிசையை மாற்றியது ஏன் என்று எனக்குத் தெரியும், ரோக் ஆடியவருக்கும் தெரியும். இன்றுவரை நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அந்த டிஎம் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் நடந்த பிறகு கேட்டார். நடந்த பிறகு கேட்டால் எவனும் நல்லவனாகத்தான் பதில் சொல்வான். நான் காவலை மாற்றிய அந்தக் கணத்தில், "ஏன் மாற்றுகிறாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருக்க வேண்டும், அல்லது நடுச்சாமத்தையே எடுத்திருக்க வேண்டும். பெரும்பாலும் எடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

நான் டிஎம் ஆனதிலிருந்து இதை விடாமல் செய்கிறேன். யாராவது பெரிய காரியம் ஒன்றில் கை வைக்கும்போது, பகடை உருளும் முன், "இதை எதற்குச் செய்கிறாய், என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?" என்று கேட்பேன். அவர்கள் சொல்வதை அப்படியே ஒரு வரியில் குறித்துக்கொள்வேன். அந்த வரியும் நடந்த செயலும் பல மாதம் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். ஒரே ஒரு செயலை வைத்து அலைன்மென்ட்டை நான் மாற்றியது மிகக் குறைவு.

சனிக்கிழமை டிஎம் எழுதியது:

அண்ணா, படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரி. அவன் ஒரு ரவுண்டுதான் பார்த்தான். அந்த மூன்று ரவுண்டு விஷயத்தை நான் இத்தனை நாள் கவனிக்கவே இல்லை, கேட்ட உடனே ஆம் அல்லது இல்லை என்று சொல்லிப் பழகிவிட்டேன். அப்படியானால் இதில் என் பங்கும் இருக்கிறது. அதை அவனிடம் சொல்லிவிட்டுத்தான் தீர்ப்புக்குப் போக வேண்டும்.

திறவுகோல் எழுதியது:

நான் மேசையில் ஆடியது குறைவு. கம்ப்யூட்டர் ஆர்பிஜிக்களில், அதாவது பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில்தான் வளர்ந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

1985-ல் ரிச்சர்ட் கேரியட் செய்த அல்டிமா 4-ல் வெல்ல வேண்டிய பெரிய வில்லன் என்று யாரும் இல்லை. எட்டு நற்குணங்களில் தேறி அவதார் என்ற முன்மாதிரி மனிதன் ஆவதுதான் விளையாட்டு. மந்திர மூலிகை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. எவ்வளவு காசு வைக்கிறோம் என்பதை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். குறைத்து வைத்தாலும் அவள் வாங்கிக்கொள்வாள். யாரும் திட்ட மாட்டார்கள், திரையில் ஒன்றும் வராது. உள்ளே மட்டும் நேர்மைக் கணக்கு இறங்கியிருக்கும். முதல் தடவை ஆடியபோது ஏமாற்றினேன். உண்மை தெரிந்தபின் ஒவ்வொரு முறையும் முழுக் காசு வைத்தேன். ஆனால் அது நேர்மையா? அவதார் ஆக வேண்டும் என்பதற்காக வைத்தேன். அந்த நிரலுக்கு என் கை மட்டும்தான் தெரியும், அதனால் என்னை நேர்மையானவள் என்று ஏற்றுக்கொண்டது.

1999-ல் வந்த பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு இதற்கு வேறு வழி கண்டுபிடித்தது. நாயகன் ட்ரூ நியூட்ரலில், எந்தப் பக்கமும் சாயாமல், தொடங்குகிறான். பேசுவதையும் செய்வதையும் பொறுத்து அலைன்மென்ட் நகர்கிறது. உரையாடலில் சில இடங்களில் ஒரே வாக்கியம் இரண்டு முறை இருக்கும். ஒன்றின் முன்னால் உண்மை என்றும், மற்றொன்றின் முன்னால் பொய் என்றும் போட்டிருக்கும். எதிரில் நிற்பவருக்குக் கேட்பது அதே சொற்கள்தான். எந்த வரியைத் தொடுகிறோம் என்பது நமக்கும் விளையாட்டுக்கும் மட்டும் தெரியும். முதல் முறை அதைப் பார்த்தபோது மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். வாக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லத்தான் போகிறேன், ஆனால் எந்த வாக்கு? அதுவரை எந்த விளையாட்டும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

பழைய பகடை அவர்கள் சொல்லும் முன்கூட்டிய கேள்வி இதே வேலையைத்தான் செய்கிறது. அதனால் எனக்கு அது சரியாகப் படுகிறது.

ஓர் இடத்தில் மட்டும் நான் வேறுபடுகிறேன். ஓடக்காரனுக்கு நியூட்ரல் எழுதினாலும் பிரச்சினை தீராது. அடுத்த ஓடத்தில் உண்மையிலேயே ஈவில் ஒருவன் உட்கார்ந்திருப்பான், அவனும் அன்று யாரையும் தொட்டிருக்க மாட்டான். மனிதர்களின் மனத்தை விளக்குப் போட்டுப் பார்க்கும் சக்தியை ஒரு வீரன் கையில் கொடுத்தால் அவன் வாளை எடுக்கத்தான் செய்வான். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்த ஸ்பெல் பேய், பிசாசு, தேவதை மாதிரியான பிறவிகளை மட்டும்தான் காட்டும், சாதாரண மனிதனின் அலைன்மென்ட்டைக் காட்டாது. பாலடினும் அங்கே லாஃபுல் குட்டாக இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. தான் எடுத்த சபதத்துக்குத்தான் கட்டுப்பட்டவன். 2023-ல் பாத்ஃபைண்டர் என்ற இதே வகை விளையாட்டு தன் விதிகளைத் திருத்தியபோது அலைன்மென்ட்டையே எடுத்துவிட்டது; இதைச் செய், இதைச் செய்யாதே என்ற கட்டளைகள்தான் மிச்சம். உங்கள் மேசையிலும் அந்த ஸ்பெல்லை அப்படி மாற்றிக்கொள்ளலாமே?

நேர்க்கோடு எழுதியது:

நான் எழுதியதில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். வேண்டுமென்றே என்ற சொல் விதியிலேயே இருக்கிறது, நானே எழுதியிருக்கிறேன், எழுதிவிட்டு எண்ணத்தைக் கேட்காதே என்றும் சொல்லியிருக்கிறேன். இரண்டும் சேர்ந்து நிற்காது. அவன் வீழ்கிறான் என்பதில் மாற்றமில்லை. ஆனால் கேட்டுவிட்டுப் பறியுங்கள்.

சனிக்கிழமை டிஎம் எழுதியது:

நேற்று ஆடினோம். நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

முதலில் என் தவறைச் சொன்னேன். மூன்று ரவுண்டு விதியைப் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டினேன். வேண்டுமானால் அந்தக் காட்சியை அழித்துவிட்டு ஓடத்தில் ஏறுவதிலிருந்து மறுபடி ஆடலாம் என்றும் சொன்னேன். பிறகு அண்ணா சொன்ன கேள்வியைக் கேட்டேன்: "அந்தப் பகடையைக் கையில் எடுக்கும்போது என்ன நினைத்தாய்?"

அவன் பகடையை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். தோழி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அப்புறம் சொன்னான்: "விதி எனக்குத் தெரியும். மூன்றாவது ரவுண்டு வரை நின்றால் நீங்கள் வேறு யாரையாவது காட்டிவிடுவீர்களோ என்று இருந்தது. அவன்தான் கெட்டவனாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த அம்மா காசு எண்ணுவதைப் பார்த்த உடனே அடிக்க முடிவு பண்ணிவிட்டேன். ஸ்பெல் போட்டது அதற்கு அப்புறம்தான்."

மறுபடி ஆட வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். சக்திகளை அவனே ஷீட்டில் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தான். குதிரையின் பெயரை மட்டும் அடிக்காமல் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அலைன்மென்ட் கட்டத்தில் லாஃபுல் குட் என்பதை நான் மாற்றவில்லை. ஒரு செயலுக்கு அவன் பதில் சொல்லிவிட்டான், மீதியை வரும் மாதங்களில் பார்க்கிறேன். டிடெக்ட் ஈவில் பற்றித் திறவுகோல் சொன்னதை எல்லாரும் ஏற்றுக்கொண்டோம். இனி எங்கள் மேசையில் அது மனிதர்களைக் காட்டாது.

ஓடம் அக்கரை சேர்ந்தபோது தம்பி காத்துக்கொண்டிருந்தான். அண்ணன் எங்கே என்று கேட்டான். பாலடின் மண்டியிட்டு நடந்ததைச் சொன்னான். தம்பிக்கு அண்ணனின் மனசில் இருந்தது எதுவும் தெரியாது. "முரடன்தான், ஆனால் ஒரு நாளும் என்மேல் கை வைத்ததில்லை" என்றான். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தடுமாறியது. அது என் நோட்டில் எழுதி வைத்த வரி இல்லை, அங்கேயே வந்தது.

அட்டோன்மென்ட் போடக்கூடிய ஒன்பதாம் லெவல் கிளெரிக் பக்கத்தில் எங்கும் இல்லை. பார்ட்டி தேடிக்கொண்டு வரும்வரை அவன் அந்தக் கரையிலேயே இருந்து ஓடம் ஓட்டுவதாகச் சொல்கிறான். கூலி தலைக்கு இரண்டு செம்பு, அதுவும் தம்பியிடம் போகும். அண்ணா, ஒரு சந்தேகம்: ஆற்றைக் கடக்க ஒவ்வொரு முறையும் எதை உருட்டச் சொல்வது? புரொஃபெஷனா (தொழில் திறன்), ஸ்ட்ரெங்த்தா (உடல் வலிமை)?

பழைய பகடை எழுதியது:

புரொஃபெஷன் பயிற்சி இல்லாமல் உருட்ட முடியாது தம்பி. இப்போதைக்கு ஸ்ட்ரெங்த் வை. அந்தத் தம்பிக்கு மனம் வந்து துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தால், அப்போது புரொஃபெஷனில் ஒரு ரேங்க், அதாவது ஒரு படி, கொடு.